மீட்டர் சொன்னது என்ன?

சென்ற வாரம் நம் அலுவலகத்துக்கு வந்தார் ஒரு தோழர். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையிலே லேத் ஓட்டுபவர். நேற்று வந்தவரல்ல; கொடி பிடித்தவர், சுவர் எழுதியவர், மாநாட்டுப் பந்தலுக்குக் கால் நட்டவர். வழக்கமாக வரும்போது முகத்திலே சிரிப்பு இருக்கும். அன்று சிரிப்பில்லை. கையிலே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குவது, உச்சியிலே எலுமிச்சம்பழம் போல ஓர் உருண்டை.

“உட்காருங்கள் தோழரே, என்ன பெட்டி இது?” என்றோம்.

“மீட்டருங்க. கதிர்வீச்சு மீட்டர். எதிர் வீட்டு மாடியிலே செல்போன் டவர் போட்டுட்டாங்க. வந்த நாளிலிருந்து வீட்டிலே அவங்களுக்குத் தலைவலி. தெருவிலே யாருக்கும் தூக்கமில்லை. கேட்டா, ‘ஆதாரம் இருக்கா’ங்கறான். அதான் ரெண்டு வாரச் சம்பளத்தைப் போட்டு இதை வாங்கினேன். பாருங்க ஆதாரத்தை!”

பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி கீச்சிட்டது.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்தார். தெருத் தோழர்கள் ஒன்றுகூடி எழுதி, அச்சுக்குத் தயாராக வைத்திருந்த அறிக்கை. “அரசு அனுமதித்த அளவு 45! நம் மொட்டை மாடியில் அளந்தது 2400! ஐம்பத்து மூன்று மடங்கு நஞ்சு! தாய்மார்களே, துயில்வது எப்படி?” என்று போகிறது அது. ஞாயிற்றுக்கிழமை காலை மாடியேறிக் கம்பிகளை அறுத்தெறிவது என்று இளைஞர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். நாளை ஏட்டிலே முதல் பக்கத்திலே போட வேண்டும் என்பது தோழரின் வேண்டுகோள்.

மறைப்பானேன்? போட்டுவிடத்தான் இருந்தோம். “ஐம்பத்து மூன்று மடங்கு!” என்று தலைப்பும் எழுதியாகிவிட்டது. ஏழை வீட்டுக் கூரைக்கு எதிரே பணக்கார நிறுவனம் கொண்டுவந்து நிறுத்திய இரும்புக் கோபுரம், கேட்டவனை ஏளனம் செய்யும் அதிகாரி, சம்பளத்தைக் கொட்டி ஆதாரம் தேடிய தொழிலாளி — இதைவிடத் தலையங்கத்துக்கு வேறென்ன வேண்டும்? அச்சுக்கோர்ப்பு வரை போனதை நிறுத்தியவர், பாலிடெக்னிக்கிலே மின்னணுவியல் சொல்லித்தரும் ஓர் இளைஞர். தற்செயலாக வந்திருந்தவர் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த 45-க்குப் பக்கத்திலே என்ன எழுதியிருக்கு? இந்த 2400-க்குப் பக்கத்திலே என்ன எழுதியிருக்கு?”

பார்த்தோம். அரசு சொன்ன 45 என்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 45 மைக்ரோவாட். மீட்டர் காட்டிய 2400 என்பது, ஒரு சதுர மீட்டருக்கு 2400 மைக்ரோவாட். ஒரு சதுர மீட்டருக்குள்ளே 10,000 சதுர சென்டிமீட்டர் இருக்கிறது! காட்டியதைச் சென்டிமீட்டர் கணக்குக்கு மாற்றினால் 0.24. அனுமதித்ததோ 45. ஐம்பத்து மூன்று மடங்கு அதிகமல்ல தோழர்களே, ஏறத்தாழ நூற்று எண்பத்தேழில் ஒரு பங்கு!

குண்டூசி முனையிலே கேட்க வேண்டிய விலையை முழத்திலே கேட்டுவிட்டு, “கொள்ளை! கொள்ளை!” என்று கடைக்காரன் சட்டையைப் பிடித்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது நம் நிலை. ஞாயிறன்று பத்து இளைஞர்கள் மாடியேறியிருப்பார்கள். திங்களன்று பொதுச்சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு. செவ்வாயன்று நீதிமன்றத்திலே அரசு வக்கீல் எழுந்து, இந்தச் சதுர மீட்டரையும் சதுர சென்டிமீட்டரையும் காட்டிச் சிரித்திருப்பார். வேலை போயிருக்கும், பாஸ்போர்ட் கனவு போயிருக்கும், அதைவிட மோசம், இனி அந்தத் தெருவிலிருந்து உண்மையான புகார் ஒன்று போனாலும் எவனும் காது கொடுத்திருக்க மாட்டான்.

ஆகவே இந்த மீட்டரைப் பற்றியே இன்று எழுதுவது என்று உட்கார்ந்தோம்.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். கதிர்வீச்சு! தமிழிலே இந்த ஒரே சொல்லை இரண்டு வேறு வேறு சரக்குக்கு ஒட்டி வைத்திருக்கிறோம். கல்பாக்கத்து அணு உலைக்குள்ளே இருப்பதும் கதிர்வீச்சு. செல்பேசியிலிருந்து வருவதும் கதிர்வீச்சு. இரோசிமா நினைவுக்கு வருகிறது, அடிவயிறு கலங்குகிறது. ஆனால் இரண்டுக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரமல்ல, அதைவிடப் பெரிது. எக்ஸ் கதிரும் அணுவிலிருந்து வரும் காமாக் கதிரும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலிமை உள்ளவை. உயிரணுவின் மரபுப் பொருளை நேராக உடைக்க வல்லவை. செல்பேசி அலை 1887-லே ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரிலே ஹெர்ட்ஸ் கண்டு காட்டினாரே, அந்த வானொலி அலையின் தம்பி. அதன் ஒரு துகளுக்கு உள்ள ஆற்றல், ஒரு வேதிப் பிணைப்பை உடைக்கத் தேவையானதில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் கண்ணுக்குத் தெரியும் விளக்கு வெளிச்சமே அதைவிடப் பல லட்சம் மடங்கு வலியது.

அப்படியானால் அந்த அலை ஒன்றுமே செய்யாதா? செய்யும். சுடும். 1945-லே அமெரிக்காவில் ராடார்க் குழாய் செய்யும் ஆலையிலே வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் என்பவரின் சட்டைப் பையிலிருந்த இனிப்புக் கட்டி, குழாயின் அருகே நின்றபோது உருகிப் போயிற்று. அதிலிருந்து பிறந்ததுதான் மைக்ரோவேவ் அடுப்பு. அந்த மனிதர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் என்பதை இடையிலே சொல்லி வைப்போம். நம் தோழர்கள் பலருக்கு அது பிடிக்கும். ஆக, அளவு மிஞ்சினால் உடலைச் சூடாக்கும். குறிப்பாக இரத்த ஓட்டம் குறைந்த கண்மணி வில்லை போன்ற இடங்களைத் தாக்கும். இது சந்தேகத்துக்கு இடமில்லாத தீங்கு. நாம் பின்பற்றும் வரம்பு இந்தச் சூட்டை வைத்தே கட்டப்பட்டது.

வரம்பு எப்படி வந்தது என்பதைக் கேட்காமல் ஒப்புக்கொள்வது நமக்குப் பழக்கமில்லை. கேட்டோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 வாட் என்ற அளவிலே உடல் முழுதும் அலை ஏறினால் தீங்கு தொடங்குகிறது என்று கொண்டு, தொழிலாளிக்கு அதிலே பத்தில் ஒன்று, பொதுமக்களுக்கு ஐம்பதில் ஒன்று என்று 1998-லே பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்தது. 2008-லே இந்திய அரசு அதை ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல், செல்போன் கோபுரங்களுக்கு மட்டும் அந்த வரம்பையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலே சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 வாட் ஆயிற்று. அந்த 0.45 வாட்டைத்தான் ஒருவர் 45 என்றும், இன்னொருவர் 450 மில்லிவாட் என்றும், மற்றொருவர் 4,50,000 மைக்ரோவாட் என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் ஒன்றே! பெயர் மாறினால் பேயாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வரம்பிலே அரசியலே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒரு காலத்திலே தொழிலாளிக்கு அமெரிக்கா வைத்த வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட். சோவியத் நாடு வைத்தது 10 மைக்ரோவாட். ஆயிரம் மடங்கு வேறுபாடு! மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மீது சோவியத்துக்காரர்கள் 1950-களிலிருந்து நுண்ணலை பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தூதரகத்துப் பெரிய மனிதர்களுக்கு அது தெரியும். அங்கே வேலை பார்த்த ஊழியர்களுக்கு 1976-லேதான் சொல்லப்பட்டது! ஆண்டுக்கணக்கிலே அந்த அலையிலே உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லை. பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 1978-லே அறிக்கை தந்தார்கள்; நோய் மிகுந்ததற்கு உறுதியான அடையாளம் இல்லை என்றார்கள். இல்லாமல் போனது நல்லதே. ஆனால் மறைத்தது மறைத்ததுதான்.

“புற்றுநோய் வரும் என்று உலக நல நிறுவனமே சொல்லிவிட்டதே?” என்று கேட்கிறார்கள். 2011 மே மாதம், அந்த நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, வானொலி அலைகளை ‘ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற பட்டியலிலே சேர்த்தது உண்மை. அதே பட்டியலிலே சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. ஆசிய நாடுகளிலே பழைய முறைப்படி ஊறவைக்கும் காய்கறியும் இருக்கிறது. சான்று போதவில்லை, ஆயினும் தள்ளிவிடவும் முடியவில்லை என்பதே அந்தப் பட்டியலின் பொருள். அதன்பின் 2024-லே, உலக நல நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுகளை ஒருசேர அலசினார்கள். செல்பேசிப் பழக்கத்துக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை என்று முடிவு சொன்னார்கள். நாளை வேறு சான்று வந்தால் அதையும் இதே பத்தியிலே எழுதுவோம்.

தோழரின் துணைவியாருக்கு வந்த தலைவலி? அது பொய்யென்று சொல்ல நமக்கு வாயில்லை. வலி வலிதான். ஆனால் அலை தாக்குவதை உணர்கிறோம் என்று சொன்ன 1,175 பேரைக் கொண்டு, அலை இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் மறைத்து நடத்திய 46 சோதனைகளை 2010-லே தொகுத்துப் பார்த்தார்கள். அலை இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே மாதிரிதான் வலித்தது. ஆகவே அந்தத் தெருவுக்கே போனோம். மாலை மின்தடை. எதிர் வீட்டுச் சந்திலே, கோபுரத்துக்காக வைத்த டீசல் ஜெனரேட்டர் முழங்கத் தொடங்கியது. புகைக்குழாயின் வாய் எங்கே? தோழர் வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு நேரே! பத்து நிமிடம் அங்கே நின்றதும் நமக்கே நெற்றிப்பொட்டு தெறித்தது. இதற்கு மீட்டர் வேண்டுமா? மூக்கு போதும், காது போதும். அந்த அம்மையாரிடம், “கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் அரசு மருத்துவமனையிலே ஒரு முறை காட்டுங்கள் அம்மா” என்றும் சொல்லிவிட்டு வந்தோம்.

அச்சம் இருக்குமிடத்திலே ஆதாயம் தேடுபவன் கடை விரிப்பான். செல்பேசியின் முதுகிலே ஒட்டும் வில்லை, கழுத்திலே தொங்கவிடும் பதக்கம், மேசையிலே வைக்கும் கல் என்று விற்கிறார்கள். 2020 அக்டோபரிலே ஒரு விந்தை நடந்தது. மத்திய அரசு அமைத்த காமதேனு ஆணையத்தின் தலைவர் வல்லபாய் கதீரியா, செய்தியாளர்களைக் கூட்டி, பசுஞ்சாணத்தாலே செய்த ஒரு சில்லைத் தூக்கிக் காட்டினார். செல்பேசியோடு வைத்துக்கொண்டால் கதிர்வீச்சைக் குறைக்குமாம்! எங்கே சோதித்தீர்கள், எவ்வளவு குறைந்தது, முடிவைக் காட்டுங்கள் என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். சாணத்தின் மீது நமக்குப் பகையில்லை. வயலுக்கு அது வளம். அலையை அது குடிக்கிறது என்றால், இந்தா மீட்டர், இந்தா செல்பேசி, அளந்து காட்டு! ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அவர்கள் வருவதில்லை.

இதைவிட வேடிக்கை நெதர்லாந்திலே. ஐந்தாம் தலைமுறை அலையிலிருந்து காப்பாற்றும் என்று விற்ற பதக்கங்கள், வளையல்கள், கண்மூடிகள் பத்தை 2021 டிசம்பரிலே அந்நாட்டு அணுப் பாதுகாப்புத் துறை சோதித்தது. அவற்றிலிருந்தே உண்மையான கதிரியக்கம் வந்துகொண்டிருந்தது! தீங்கற்ற அலைக்கு அஞ்சித் தாயத்துக் கட்டினான். தாயத்து அணுக்கதிரை உமிழ்ந்தது. குழந்தைகள் அணியும் வகைகூட இருந்ததாம். உடனே கழற்றிப் பையிலே இட்டுத் தனியே வையுங்கள் என்று அரசு அறிவித்தது.

‘2.0’ படத்தைக் குறை சொல்லவில்லை. 2018-லே வந்தது, ரஜினிகாந்த் நடித்தது, பறவைகள் செல்பேசி அலையால் மடிவதாகக் கதை. பறவைக்காக அழுதவர் நெஞ்சு நல்ல நெஞ்சு. ஆனால் கூடு கட்ட ஓட்டு வீடும், குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் இல்லாத நகரத்திலே குருவி எப்படி வாழும் என்று கேட்க வேண்டிய கேள்வியை, கோபுரத்தின் மேல் பழியைப் போட்டு முடித்துக்கொள்ளக் கூடாது.

இனி மீட்டருக்கு வருவோம். தோழர் வாங்கியது வீண் பொருளா? இல்லை. அளக்கத் துணிந்தவனை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் லேத் ஓட்டும் தோழருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை — வெர்னியரை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவன் கையிலே கொடுத்தால், நல்ல உருப்படியும் கழிவுத் தொட்டிக்குத்தான் போகும்!

முதலிலே அந்தச் சிவப்பு விளக்கு. எந்த அளவிலே சிவக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்? பல பெட்டிகளிலே, விற்பவனே முடிவு செய்கிறான். ஜெர்மனியிலே ‘கட்டட உயிரியல்’ என்று ஒரு சாரார் இருக்கிறார்கள். உறங்கும் அறைக்கு அவர்கள் போட்ட கணக்கிலே, சதுர மீட்டருக்கு 1,000 மைக்ரோவாட்டைத் தாண்டினாலே ‘மிகக் கடுமை’. இந்திய வரம்போ 4,50,000. அந்த ஆயிரத்தை வைத்துச் சிவக்கும் பெட்டி, சென்னையிலே எந்தத் தெருவிலும் சிவந்துகொண்டேதான் இருக்கும். விளக்கைப் பார்க்காதே, எண்ணைப் பார். எண்ணை மட்டும் பார்க்காதே, அதன் பக்கத்திலே உள்ள அலகைப் பார். சில பெட்டிகள் ஒரு மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று காட்டும். அந்தக் கணக்கிலே 900 மெகாஹெர்ட்ஸ் கோபுர வரம்பு ஏறத்தாழ 13 வோல்ட். தோழர் மாடியிலே இருந்தது ஒரு வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு.

அடுத்து, அளப்பவன் தன் செல்பேசியை என்ன செய்தான்? தோழர் அன்று மாடியிலே அளந்தபோது அவருடைய பேசி சட்டைப் பையிலே இருந்தது! நம் அலுவலகத்திலே சோதித்துப் பார்த்தோம். தரைத்தளத்து அச்சுக்கூடத்திலே அலை கிடைப்பது கடினம். அங்கே நின்று ஒருவர் பேச, ஒரு முழ தூரத்திலே மீட்டரைப் பிடித்தோம். ஐம்பதாயிரத்தைத் தாண்டி ஆடியது எண்! கோபுரம் தொலைவிலே இருந்தால் பேசி உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. அருகே இருந்தால் மெல்லப் பேசுகிறது. கோபுரத்தை ஊருக்கு வெளியே துரத்திவிட்டு, காதோடு ஒட்டிய பேசியைக் கத்தவைப்பது எந்த வகைப் பாதுகாப்பு? வீட்டு வை-ஃபை பெட்டிக்குப் பக்கத்திலே அளந்துவிட்டு எதிர் வீட்டைத் திட்டுவதும் இப்படித்தான். முதலிலே வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளக்க வேண்டும். பின்பு ஒவ்வொன்றாகப் போட்டு அளந்தால், எது எவ்வளவு என்று தெரியும்.

மீட்டரைக் கைநீட்டி உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும்; நம் உடலே அலையைத் தடுக்கும், திருப்பும். ஓர் அங்குலம் நகர்த்தினால் எண் இரட்டிக்கும், பாதியாகும். சுவரிலே பட்டுத் திரும்பும் அலை ஒன்றோடொன்று கூடியும் கழித்தும் நிற்பதால் அப்படி. ஆகவே அறை முழுதும் மெல்ல நடந்து அளக்க வேண்டும். கண நேரம் எகிறிய உச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஆடக் கூடாது. அந்தப் பழைய பன்னாட்டு விதியே ஆறு நிமிடச் சராசரியைத்தான் கேட்டது. மலிவான பெட்டி இரண்டு மடங்கு கூட்டியோ குறைத்தோ காட்டினால் அதிலே வியப்பில்லை. 2022 அக்டோபரிலே தொடங்கிய ஐந்தாம் தலைமுறை அலையில் ஒரு பகுதி 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. பழைய பெட்டி சில 3,000-த்தோடு செவிடாகிவிடும். பெட்டியின் முதுகிலே ‘எதிலிருந்து எதுவரை’ என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். இதை மறக்காதீர்கள், பின்னாலே இதற்கு வேலை இருக்கிறது.

எங்கே அளப்பது? விளக்கடியிலே இருட்டு என்பது பழமொழி. கோபுரத்துக்கும் அது பொருந்தும். மேலே தொங்கும் நீளப் பெட்டிகள் அலையைப் பக்கவாட்டிலே, சற்றே கீழ்நோக்கி வீசுகின்றன. கோபுரம் நிற்கும் வீட்டுக்குள்ளே குறைவு. அதன் முகத்துக்கு நேரே, அதே உயரத்திலே இருக்கும் எதிர் மாடியிலே கூடுதல். அதனாலேயே 2013-லே மத்திய தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய நெறிமுறையிலே, ஓர் ஆண்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்திலே 20 மீட்டருக்குள் கட்டடம் இருக்கலாகாது என்றும், இரண்டானால் 35 மீட்டர் என்றும் சொன்னார்கள். மீட்டர் இல்லாதவன் ஒரு நாடாவைக் கொண்டே இதை அளக்கலாம். தூரம் இரட்டித்தால் அலை நாலில் ஒன்றாகும். நாடாவும் நல்ல மீட்டர்தான்!

இவ்வளவையும் ஒரு தொழிலாளி ஏன் தன் சம்பளத்திலே செய்ய வேண்டும்? இங்கேதான் நம் கோபம் இருக்கிறது. 2017 மே மாதம் ஒரு இணையத்தளம் திறந்தார்கள். பெயர் ‘தரங் சஞ்சார்’. வாயிலே நுழைகிறதா பாருங்கள்! அலைகளைப் பற்றி அம்பத்தூர்க்காரன் கேட்பதற்குக்கூட இந்திப் பெயர் வழியேதான் போகவேண்டும் போலிருக்கிறது. போகட்டும். அங்கே உங்கள் பகுதிக் கோபுரம் வரம்புக்குள் இருக்கிறதா என்று படத்திலே பார்க்கலாம். அது நல்ல ஏற்பாடு, ஒளிவின்றிச் சொல்வோம். ஆனால் “என் வீட்டுக்கு வந்து அளந்து காட்டுங்கள்” என்றால்? 4,000 ரூபாய் கட்டணம் என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார்கள். கோபுரம் வைப்பவன் வாடகை தருகிறான், வீட்டுக்காரன் வாங்குகிறான், அலைக்கற்றையை ஏலம் விட்ட அரசு கோடி கோடியாகப் பெறுகிறது. “எனக்கு என்ன நேர்கிறது” என்று கேட்கும் எதிர் வீட்டுக்காரன் 4,000 ரூபாய் கட்ட வேண்டும்! பாலிலே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, குடிப்பவனிடமா காசு கேட்பது? அந்தக் கட்டணம் ஒழிய வேண்டும். ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும், எந்த நாளிலே அளந்தார்கள், வரம்பு எவ்வளவு, கண்டது எவ்வளவு என்று தமிழிலே, ஒரே அலகிலே, எழுதி வைக்க வேண்டும். எழுதியிருந்தால் தோழரின் இரண்டு வாரச் சம்பளம் வீட்டிலே இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு நம்மைத் தூங்கவிடாத செய்தி வேறொன்று.

அந்தப் பாலிடெக்னிக் இளைஞர் புறப்படும்போது, “ஆபத்தான அலையைப் பார்க்க வேண்டுமானால் மாடிக்குப் போகாதீர்கள், பட்டறைக்குப் போங்கள்” என்றார். மழைக்கோட்டு, ரெக்சின் பை, கோப்பு உறை, காற்றடைத்த பொம்மை — இவற்றின் விளிம்பைத் தைப்பதில்லை. இரண்டு தகட்டுக்கிடையே பிளாஸ்டிக்கை வைத்து, வானொலி அலை பாய்ச்சி, உருக்கி ஒட்டுகிறார்கள். பெடலை மிதித்ததும் கிலோவாட் கணக்கிலே அலை பாய்கிறது, சென்னை நகரத்துச் செல்பேசி வாட்டிலே பின்னம்தான் வெளியிடுகிறது என்பதை நினைவிலே வையுங்கள். இயந்திரத்துக்கு ஓர் அடி தூரத்திலே, பெரும்பாலும் பெண்கள், எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். 1979-லேயே அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறைகள் இரண்டு சேர்ந்து, இந்த இயந்திரங்களால் ஓட்டுபவருக்கு அளவுக்கு மீறிய அலை படுகிறது, கவசத் தகடு போடு, தள்ளி உட்காரவை என்று எச்சரிக்கை வெளியிட்டன. பல நாடுகளிலே வரம்பைத் தாண்டிய அளவுகள் அளந்து பதிவாகியிருக்கின்றன. உலோகத்தைத் தொட்ட விரல் உள்ளுக்குள்ளே வேகும். வெளியே புண் சிறிதாகத் தெரியும்.

கோபுரத்தின் மேலே ஏறி ஆண்டெனா மாட்டும் இளைஞன், அதே மாடியிலே தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன், எதிர்ச் சுவருக்கு வெள்ளையடிக்கிறவன் — இவர்களும் ஆண்டெனாவின் முகத்துக்கு முன்னே கை தொடும் தூரத்திலே நிற்கிறார்கள். அந்த நேரத்துக்கு அலையை நிறுத்தினார்களா என்று கேட்பார் யார்? எதிர் வீட்டார் அஞ்சி அஞ்சி அளக்கிறார்கள். எதிரே நிற்பவனுக்கு அளக்க ஆளில்லை!

“அந்த ஒட்டுற மிசினா? என் மச்சான் மகள் அங்கேதான் வேலை பாக்குது. இதை எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வரேன்” என்று எழுந்தார் தோழர். பெட்டியின் முதுகைத் திருப்பிக் காட்டினார் இளைஞர். ‘50 மெகாஹெர்ட்ஸ் முதல்’ என்று எழுதியிருந்தது. அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஓடுவது 27 மெகாஹெர்ட்ஸிலே. நம் தெருவிலே கீச்சிட்ட பெட்டி, அந்தப் பெண்ணின் மேசை மீது பச்சை விளக்கோடு சும்மா இருந்தாலும் இருக்கும்!

தோழர் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பேசவில்லை.

மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தாரைக் கேட்கிறோம்: 27 மெகாஹெர்ட்ஸை அளக்கும் கருவி உங்களிடம் உண்டா? உண்டென்றால், அதை எடுத்துக்கொண்டு கடைசியாக எந்தப் பிளாஸ்டிக் பட்டறைக்குள் நுழைந்தீர்கள்? இல்லையென்றால், எப்போது வாங்குவீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைத் தெருத் தோழர்கள் கைவிட்டார்கள். ஜெனரேட்டர்ப் புகைக்குழாயை உயர்த்தித் திருப்பக் கோரி, நாற்பது கையெழுத்தோடு மனு போயிருக்கிறது. துண்டறிக்கையின் படிகளை நாமே வாங்கி வைத்துக்கொண்டோம். பின்பக்கம் காலியாக இருக்கிறது, எழுத உதவும்.

ஒட்டும் இயந்திரத்திலே வேலை செய்யும் தோழர்களும் தங்கைகளும் நமக்கு எழுத வேண்டும். எந்த ஊர், நாளைக்கு எத்தனை மணி நேரம், இயந்திரத்தைச் சுற்றிக் கவசத் தகடு இருக்கிறதா அல்லது வேலை வேகம் போகிறதென்று கழற்றி வைத்துவிட்டார்களா, விரலிலே சூடு பட்டதுண்டா, கண்ணிலே மங்கல் உண்டா — இவ்வளவும் எழுதுங்கள். இயந்திரத்தின் பக்கவாட்டிலே உள்ள தகட்டிலே எண் பொறித்திருக்கும், அதையும் அப்படியே பார்த்து எழுதி, எண்ணுக்குப் பக்கத்திலே உள்ள அலகையும் விடாமல் குறித்து அனுப்புங்கள். பெயரை வெளியிட மாட்டோம்.